அழிந்துபோன நம்மூர் விலங்குகளை டி அண்ட் டி ஆட்டத்தில் இறக்குவது எப்படி?

செம்பூர்_பகடை

வணக்கம் மக்களே. ஞாயித்துக்கிழமை மத்தியானம் செம்பூர்ல எங்க வீட்டு ஹால்ல தமிழ்லயே டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதைக்குள்ள ஆளா ஆடுற ஆட்டம்) ஆடுறோம். நான்தான் டி.எம்., அதாவது கதையை நடத்துற ஆள். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். ஃபைட்டரா (வாள்வீரர்) ஆபீஸ் நண்பர், ரேஞ்சரா (காட்டுல தடம் பார்க்கிறவர்) மூணாவது மாடி அக்கா, விசார்டா (மந்திரவாதி) என் சித்தி பையன், ட்ரூயிடா (மிருகமா உருமாறத் தெரிஞ்சவ) அவனோட காலேஜ் தோழி. எல்லாரும் அஞ்சாவது லெவலுக்கு வந்துட்டாங்க.

கதை நடக்கிறது கொங்கணக் கரையை மனசுல வச்சு நான் கட்டின ஒரு நாட்டுல. கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கிற கோட்டை, சதுப்பு, உப்பளம், மழைக்காலம் முழுக்கக் கப்பல் போகாத துறைமுகம். வடக்கே ஒரு பெரிய ஆத்துப் பள்ளத்தாக்கு. வேற எங்கயும் இல்லாத பழைய மிருகங்கள் அங்க இன்னும் உயிரோட திரியுதுன்னு துறைமுகத்து வியாபாரிங்க பேசிக்கிறாங்க. அடுத்த கேம்பெயின் அங்கதான். வெளிநாட்டு மிருகம் வேண்டாம், நர்மதைக் கரையிலயும் கட்ச்லயும் சிவாலிக் மலையிலயும் கிடைச்ச நம்ம மண்ணு மிருகங்களே வேணும்னு ஆசை.

ஒரே ஒரு கவலை. சித்தி பையன் சின்ன வயசுல இருந்தே டைனோசர் புத்தகங்களோடயே வளர்ந்தவன். "ரெண்டு கால்ல நிக்குது, நெத்தியில ஒரு கொம்பு"ன்னு நான் ஆரம்பிச்சாலே "ராஜாசாரஸ்!"னு சொல்லிடுவான். பேரு தெரிஞ்சதும் மேசையில இருந்த பயம் அடங்கிடும். அதுக்கப்புறம் ஹிட் பாயிண்டை (உயிர்ப்புள்ளி) கழிக்கிற கணக்குதான். ஃபைட்டர் வெட்டுவார், அது கடிக்கும், யாராவது சாயுற வரைக்கும் இதே.

இந்த மிருகங்களைப் பார்த்து அவங்க நிஜமாவே தயங்கணும். அதுக்கு என்ன செய்யலாம்? ஸ்டாட் பிளாக்கை (ஒரு மிருகத்தோட பலத்தைச் சொல்ற எண் பட்டியல்) முதல்ல இருந்து நானே எழுதணுமா, இருக்கிறதை மாத்திக்கலாமா? ராஜாசாரஸும், கட்ச்ல கிடைச்ச வாசுகிங்கிற ராட்சதப் பாம்பும் கண்டிப்பா வேணும். வேற எதைச் சேர்க்கலாம்?

---

இனிஷியேட்டிவ்_இருபது

முதல்ல இருந்து எழுதாதீங்க. இலவசமா கிடைக்கிற அடிப்படை விதித் தொகுப்புலயே உங்களுக்கு வேண்டியது இருக்கு.

டைரனோசாரஸ்: ஆர்மர் கிளாஸ் (அதை அடிக்கிறது எவ்வளவு கஷ்டம்ங்கிற எண்) 13, ஹிட் பாயிண்ட் 136, சேலஞ்ச் (மொத்தத்துல எவ்வளவு ஆபத்துங்கிற எண்) 8. அஞ்சாவது லெவல் நாலு பேருக்கு இது ரொம்ப அதிகம். ராஜாசாரஸ் அவ்வளவு பெருசும் இல்லை. டைரனோசாரஸ் 12 மீட்டர், இது ஏழு மீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. அதனால ட்ரைசெராடாப்ஸோட உடம்பை எடுத்துக்கோங்க: ஆர்மர் கிளாஸ் 13, ஹிட் பாயிண்ட் 95, சேலஞ்ச் 5. கொம்பால குத்துறதை எடுத்துட்டுக் கடியைப் போடுங்க. ஓடி வந்து முட்டித் தள்ளிவிடுற விதியை மட்டும் விட்டு வைங்க, அது பொருந்தும்.

வாசுகிக்கு ராட்சத மலைப்பாம்பை எடுங்க. ஹிட் பாயிண்ட் 60, ஆர்மர் கிளாஸ் 12, சேலஞ்ச் 2. அதை 120 ஆக்குங்க, இறுக்குறதோட டேமேஜை ஏத்துங்க, ஆர்மர் கிளாஸைத் தொடாதீங்க. பெரிய பாம்பு மேல அடி படுறது சுலபமாத்தான் இருக்கணும். அடிச்சும் சாகலைங்கிறதுதான் ஃபைட்டரை யோசிக்க வைக்கும்.

---

கல்மரம்

தம்பி, நான் மாட்டுங்கால ஜூனியர் காலேஜ்ல உயிரியல் எடுக்கிறேன். லீவு நாள்ல என் பழைய மாணவர்களுக்கு டி.எம். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால நீளமாத்தான் எழுதுவேன்.

எண்களைப் பத்தி மேல எழுதினவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கோங்க. அதுக்கு அடுத்த படியைச் சொல்றேன். உங்க சித்தி பையனுக்கு மிருகத்தோட பேரும் நீளமும் தெரியும். இன்னிக்கு அது எதைத் தேடி வந்திருக்கு, எங்க படுத்திருக்கும், எப்போ விட்டுட்டுத் திரும்பிப் போகும்னு அவனுக்குத் தெரியாது. ஆட்டக்காரங்க தயங்குறது அந்த இடத்துலதான்.

எலும்பு நேரா சொல்ற ஒரு விஷயத்தை எடுத்து அதை மேசையில ஒரு விதியா மாத்துவேன். ஒரு மிருகத்துக்கு ஒரு விதி போதும். மத்ததெல்லாம் இரவல் வாங்கின ஸ்டாட் பிளாக்ல இருந்தே வரட்டும்.

ராஜாசாரஸுக்கு முன்னாடி நீங்க சனாஜேயை இறக்கணும்னு கேட்டுக்கிறேன். குஜராத்ல தோலி டுங்ரிங்கிற கிராமத்துல 1980-கள்ல புவியியலாளர் தனஞ்சய் மொஹாபே ஒரு டைனோசர் கூட்டைக் கண்டெடுத்தார். டைட்டனோசார் (நீளக் கழுத்து உள்ள பெரிய டைனோசர்) முட்டைகள், பக்கத்துல அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு குஞ்சு. நசுங்கின ஒரு முட்டையைச் சுத்தி மூணரை மீட்டர் பாம்பு ஒண்ணு சுருண்டபடியே கல்லாகிக் கிடந்தது. கூட்டுல கிடந்தது பாம்புதான்னு பல வருஷம் கழிச்சுப் புரிஞ்சு, 2010-ல சனாஜே இண்டிகஸ்னு பேர் வச்சாங்க. கிட்டத்தட்ட 6.7 கோடி வருஷமா அதே நிலையில இருந்திருக்கு. இப்போ இருக்கிற மலைப்பாம்பு மாதிரி அதால வாயை அகலமா விரிக்க முடியாது. முழு முட்டையை விழுங்க வழியில்லை. அப்போ கூட்டுல அதுக்கு என்ன வேலை? குஞ்சு வெளியே வர்ற நேரத்துக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கு.

இதை என் மேசையில எப்படி வச்சேன்னா, துறைமுகத்துச் சங்கம் முட்டை ஒண்ணுக்கு நல்ல விலை தர்றேன்னு சொல்லுது. கட்சி, அதாவது ஆட்டக்காரங்களோட குழு, அந்த முட்டைக் கூட்டுக்கு வந்து சேருது. மண்மேட்டுக்குள்ள பாம்பு இருக்கு, ஆனா மனுஷங்களை அது சட்டையே பண்ணாது. முட்டைக்குள்ள அசைவு வந்தா மட்டும் பாயும். விதி இதுதான்: முட்டையை யார் தூக்கிக்கிட்டு இருக்காங்களோ அவங்க ஒவ்வொரு சுற்றுலயும் ஒரு பகடை உருட்டணும். குறைவா விழுந்தா குஞ்சு ஓட்டைத் தட்டுது, பாம்பு அவங்க பக்கம் திரும்புது. வாளை எடுத்த ஃபைட்டருக்கு வெட்டுறதுக்கு எதிரியே இல்லை, ஏன்னா பாம்பு அவர் பக்கமே பார்க்கலை. முட்டையைக் கீழே வச்சா பிழைக்கலாம், காசு போகும். என் மாணவர்கள் அன்னிக்குப் பேசின மாதிரி எந்தச் சண்டையிலயும் பேசினதில்லை.

அந்தக் கூடுகளைத் தாராளமா விரிச்சு வைங்க. 2023-ல வந்த ஆய்வுல மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்துல மட்டும் 92 கூடுகள், 256 முட்டைகள்னு பதிவு பண்ணியிருக்காங்க. முட்டை ஒவ்வொண்ணும் 15-லிருந்து 17 சென்டிமீட்டர். கூடுகள் ரொம்ப நெருக்கமா இருக்கிறதைப் பார்த்தா, இவ்வளவு பெரிய தாய் உள்ள வந்து நின்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்க முடியாதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அதனால "அம்மா டைனோசர் வந்துடும்"னு ஆட்டக்காரங்க பயந்து காத்திருப்பாங்க, அது வராது. அந்தக் காத்திருப்பை நீங்க நிறைய நேரம் நீட்டிக்கலாம்.

இப்போ ராஜாசாரஸ். குஜராத்ல பாலசினோர் பக்கம் ரையோலியில 1982-லிருந்து 1984 வரைக்கும் எடுத்த எலும்புகள், 2003-ல பேர் வச்சது. தடிச்ச மண்டை, நெத்தியில தாழ்வான ஒரு கொம்பு. அது சேர்ந்த அபெலிசார் குடும்பத்துக்கே முன்கை ரொம்பக் குட்டை, தென் அமெரிக்கக் கார்னோடாரஸ்ல அது நல்லாவே தெரியும். இதுல இருந்து நான் எடுத்த விதி: அந்த மிருகத்துக்கு எல்லாமே தலைதான். கடிக்கிறதும் தள்ளுறதும் தலையால. மார்புக்கு அடியில போய் நிக்கிற ஆளை அதால கடிக்க முடியாது, கையால பிடிக்கவும் முடியாது, பின்னாடி நகர்ந்து மிதிக்கத்தான் பார்க்கும். இதை ஆட்டக்காரங்களுக்கு நீங்களாச் சொல்லாதீங்க. வழியில செத்துக் கிடக்கிற ஒண்ணை ரேஞ்சர் ஆராயட்டும், அந்தக் குட்டைக் கையை அவங்களே கண்டுபிடிக்கட்டும். இதை முன்கூட்டியே தெரிஞ்சு வச்சிருக்கிற சித்தி பையன் உங்களுக்கு இடைஞ்சல் இல்லை, பெரிய துணை. அவனோட விசார்ட் பழைய சுவடிகள் படிச்சவன்னு வச்சுக்கோங்க. ஆனா மேசையில அந்தப் பேரைச் சொல்லாதீங்க, பள்ளத்தாக்கு ஆட்கள் அதுக்கு என்ன பேர் சொல்றாங்களோ அதை மட்டும் சொல்லுங்க.

மிருகத்துக்கு முன்னாடி அதோட தடம் வரணும். நம்ம மகாராஷ்டிரத்துலயே சந்திரபூர் பக்கம் பிஸ்துரான்னு ஒரு இடம், கல்லாகிப்போன டைனோசர் சாணம் அங்க கிடைக்குது. அதுக்குள்ள புல்லோட நுண்துகள்கள் இருக்குன்னு 2005-ல கண்டுபிடிச்சாங்க, நெல்லுக்கு உறவான புல்லும் அதுல உண்டு. டைனோசர் காலத்துல புல்லே கிடையாதுன்னு அதுவரைக்கும் பாடம் நடத்திக்கிட்டு இருந்தோம், அந்த ஒரு சாணத்தால பாடம் மாறிடுச்சு! உங்க ரேஞ்சர் அக்கா சாணத்தைக் கிளறிப் பார்த்தா புல் இருக்கட்டும். அடுத்த நாள் கிடைக்கிறதுல எலும்புத் துண்டு இருக்கட்டும். நீங்க ஒரு வார்த்தையும் சொல்லவேண்டியதில்லை.

வாசுகி விஷயத்துல இனிஷியேட்டிவ் தம்பியோட கணக்கு நல்லா இருக்கு, ஆனா அதுக்கு வேகத்தைக் கொடுக்காதீங்க. கட்ச்ல பனந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துல கிடைச்ச 27 முதுகெலும்புகளை வச்சு ஐ.ஐ.டி. ரூர்க்கி ஆய்வாளர்கள் 2024-ல விவரிச்ச பாம்பு அது. சுமார் 11-லிருந்து 15 மீட்டர் இருக்கலாம், 4.7 கோடி வருஷத்துக்கு முந்தினது. அவ்வளவு கனத்த உடம்பை வச்சுக்கிட்டு அது துரத்தியிருக்காது, பதுங்கி இருந்து பிடிச்சிருக்கும்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதனால என் விதி: முதல் பிடி ரொம்பக் கொடூரம், தப்பிச்சவங்களை இருபது அடிக்கு மேல துரத்தாது. அதை ஒரு ஓடைத்துறையில கட்டிப் போட்ட மாதிரி வைங்க. கறுத்த தண்ணி, அழுகின மரம், அதே துறையில ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு எருமை காணாமப் போகுது. ஊரே அந்தத் துறையைச் சுத்திக்கிட்டுப் போகுது. கட்சிக்கு மட்டும் சுத்திப் போக நேரமில்லை.

அதே கட்ச்ல, கிட்டத்தட்ட அதே காலத்துல, காலோட இருந்த திமிங்கிலங்கள் உண்டு. ரெமிங்டனோசீட்டஸ் குடும்பம். நீண்ட மூக்கு, ரொம்பச் சின்னக் கண்ணு, நல்லா வளர்ந்த காது. எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட விருப்பமான அரக்கன். ஸ்டாட் பிளாக் ராட்சத முதலையோடதை எடுங்க, ஹிட் பாயிண்டைக் கொஞ்சம் குறைங்க. விதி: அது கண்ணால தேடாது. இருட்டு, மறைவு, மாயமா மறையுற மந்திரம் எதுவும் அதுகிட்ட உதவாது. சத்தம் போட்டா வரும், போடலைன்னா வராது. வாய்விட்டுச் சொல்லவேண்டிய மந்திரங்களை விசார்ட் சொன்னா அவர் இருக்கிற இடத்துக்கு அது நேரா வந்துடும். படகுல போகும்போது மேசையில ஆட்டக்காரங்களே கிசுகிசுன்னு பேச ஆரம்பிச்சா, அதையும் கணக்குல எடுத்துக்கோங்க.

ஒரே காட்டுல எல்லாத்தையும் கொட்டாதீங்க. ராஜாசாரஸுக்கும் வாசுகிக்கும் நடுவுல இரண்டு கோடி வருஷம் இருக்கு. கற்பனை நாட்டுல காலம் குறுக்க நிக்காதுன்னு நீங்க சொல்லலாம், சரிதான். ஆனா ஒவ்வொரு மிருகமும் தன் இரையோடயும் தன் தண்ணியோடயும்தான் வரும். பள்ளத்தாக்கு மேல ஒண்ணு, கழிமுகத்துல ஒண்ணுன்னு பிரிச்சு வச்சா இடம் மாறும்போதே ஆட்டக்காரங்களுக்கு விதியும் மாறிடுச்சுன்னு உறைக்கும்.

கடைசியா, நாம இருக்கிற ஊரையே விட்டுடாதீங்க. மும்பை எரிமலைப் பாறை மேல நிக்குது. அந்தேரி கில்பர்ட் ஹில்லைப் போய்ப் பாருங்க, அறுபது மீட்டர் உயரத்துக்குக் கறுப்புத் தூண்களை நட்டு வச்ச மாதிரி நிக்கும். வர்லியில எரிமலைக் குழம்பு ஓடி ஆறினதுக்கும் அடுத்த குழம்பு வர்றதுக்கும் நடுவுல ஒரு நன்னீர்க் குளம் இருந்திருக்கு, அதுல வாழ்ந்த குட்டித் தவளைகள் கல்லாகிக் கிடைச்சிருக்கு. 1847-லயே ஆங்கிலேய விஞ்ஞானி ரிச்சர்ட் ஓவன் அதை விவரிச்சிருக்கார், இப்போ அதுக்குப் பேர் இண்டோபட்ராகஸ். எனக்கு அதுல கிடைச்சது ஒரு சுரங்கம்: குழம்புப் படிவம், குளத்துப் படிவம், மறுபடி குழம்பு, மறுபடி குளம். ஒவ்வொரு குளத்துலயும் தவளைச் சத்தம் விடாம கேட்டுக்கிட்டே இருக்கும். தவளை யாரையும் கடிக்காது. சத்தம் நிக்கிற அறையில என்ன இருக்குங்கிறதுதான் கேள்வி. அந்த அறைக்கு முன்னாடி ஃபைட்டரே கதவைத் திறக்க யோசிப்பார்.

---

தூண்யாளி

கல்மரம் அக்கா எழுதினதை முழுசாப் படிச்சேன். மரியாதையோட ஒரு மாற்றுக் கருத்து சொல்றேன். நம்ம கோயில் தூண் ஒவ்வொண்ணுலயும் யாளி நிக்குது. சிங்க உடம்பு, தும்பிக்கை, பிதுங்கின கண்ணு. அதைவிடப் பெரிய அரக்கன் எந்த மண்ணைத் தோண்டினாலும் கிடைக்காது. கற்பனை ஆட்டத்துல முதுகெலும்பு எத்தனை, கோடி வருஷம் எத்தனைன்னு கணக்குப் பார்க்க ஆரம்பிச்சா மாயம் குறைஞ்சு வகுப்பு மாதிரி ஆயிடும்னு பயப்படுறேன். எனக்கு யாளி யாளியாவே வரணும்.

---

கல்மரம்

யாளி வரட்டும், எனக்கும் அதுதான் விருப்பம். ஆனா எலும்பும் அரக்கனும் தனித்தனின்னு நான் நினைக்கலை. ஆஸ்திரியாவுல கிளாகன்ஃபுர்ட்னு ஒரு ஊர், அங்க 16-ஆம் நூற்றாண்டுல செதுக்கின டிராகன் சிலை ஒண்ணு நடுச்சதுக்கத்துல நிக்குது. அதோட தலைக்கு மாதிரியா இருந்தது பக்கத்துல கிடைச்ச கம்பளிக் காண்டாமிருகத்தோட மண்டையோடு. நாம ஆடுற ஆட்டத்தையே எடுத்துக்கோங்க. புலெட், ஔல்பேர், ரஸ்ட் மான்ஸ்டர்ங்கிற மூணு அரக்கன்களும், இந்த ஆட்டத்தை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் கடையில வாங்கின ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகள்ல இருந்து வந்தது. அந்தப் பொட்டலத்தையே "வரலாற்றுக்கு முந்தைய மிருகங்கள்"னு சொல்லித்தான் வித்தாங்க. அப்படி எந்த மிருகமும் இருந்ததில்லை, ஆனா அந்தப் பொம்மையைப் பார்த்த ஒருத்தர் இது எதைத் தின்னும்னு யோசிச்சிருப்பார். இரும்பைத் தின்னும்னு முடிவு பண்ணினதும் ரஸ்ட் மான்ஸ்டர் பிறந்துடுச்சு. எந்த ஃபைட்டரும் அதுக்குப் பயப்படாம இருந்ததில்லை, இத்தனைக்கும் அது ஆளைக் கொல்றதுக்காக வர்றதில்லை, கவசத்துக்காக வருது.

உங்க யாளிக்கு நான் ஒரு துணை தர்றேன், சிவாதேரியம். 1836-ல ஃபால்கனரும், கங்கைக் கால்வாய் வெட்டின காட்லியும் சிவாலிக்ல கிடைச்ச எலும்பை வச்சு விவரிச்சது. ஒட்டகச்சிவிங்கியோட உறவு, ஆனா கழுத்து குட்டை, உடம்பு யானையை நினைக்க வைக்கிற கனம், தலையில ரெண்டு ஜோடிக் கொம்பு, பின்ஜோடி அகலமா விரிஞ்சது. மூக்கெலும்போட அமைப்பைப் பார்த்து அதுக்குத் தும்பிக்கை இருந்திருக்கும்னு ஆரம்பத்துல நினைச்சாங்க, வரைஞ்சும் காட்டினாங்க. அப்புறம் அந்தக் கருத்தைக் கைவிட்டாங்க.

இதை வச்சு இப்படிச் செய்யுங்க. கட்சி மிருகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு பாழடைஞ்ச மண்டபத்துக்கு வரட்டும். தூண்ல யாளி. தும்பிக்கையும் கொம்பும் சிங்க நகமும் இருக்கு. சிற்பி அந்த மிருகத்தோட மண்டையோட்டை மட்டும் ஆத்தங்கரையில பார்த்தவர், உயிரோட பார்க்கலை. அதனால கொம்பு சரி, நகமும் தும்பிக்கையும் அவரோட ஊகம். ஆட்டக்காரங்க சிற்பத்தை நம்பித் திட்டம் போடுவாங்க, நேர்ல வரும்போது அது குளம்போட, கூட்டமா, புல் மேய்ஞ்சுக்கிட்டு இருக்கும். இதை யாளின்னு நம்பி ஒரு கிராமமே பலி கொடுத்துக்கிட்டு இருக்குன்னா, அதுக்கு அப்புறம் கதை உங்க கையில. உண்மையான யாளியும் அந்தப் பள்ளத்தாக்குல எங்கயோ இருக்கலாம், தூண்யாளி தம்பி. அதை நீங்க கடைசிக்கு வச்சுக்கோங்க.

---

தூண்யாளி

சிற்பி ஊகிச்ச பகுதியும் சரியான பகுதியும் ஒரே தூண்ல இருக்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு அக்கா. என் மேசைக்கு எடுத்துக்கிறேன்.

---

கும்பார்வாடா_கை

நமக்குப் பூர்வீகம் திருநெல்வேலி பக்கம், இப்பம் தாராவி. மினியேச்சர் பண்ணுறதுதான் நம்ம பொழுது. ஸ்டாட் பிளாக் எல்லாம் அண்ணாச்சிமாரும் அக்காவும் சொல்லிட்டாங்க, அளவு மட்டும் நான் சொல்லுதேன்.

ஒரு கட்டம் ஒரு இஞ்சு, அது அஞ்சடி. ராஜாசாரஸ் 6.6 மீட்டர்னா கிட்டத்தட்ட 22 அடி, நாலரைக் கட்டம் நீளம் வரும். வாலை நேரா நீட்டாம ஒருபக்கமா வளைச்சு விடுங்க, மேசையில இடம் மிச்சம். வாசுகி 11 மீட்டர்னா ஏழு கட்டம், 15 மீட்டர்னா பத்துக் கட்டம். அதை ஒரே துண்டாப் பண்ணாதீங்க. அலுமினியக் கம்பி மேல எம்-சீல் பூசி, வளைவு வளைவா மூணு நாலு துண்டு பண்ணுங்க, தலை தனி. அது ஓடைக்குள்ள கிடக்கும்போது ஒரு வளைவை மட்டும் மேசையில வைங்க. ரெண்டாவது வளைவை நாலு கட்டம் தள்ளி வைக்கும்போது மேசையில இருக்கவங்க மூஞ்சியப் பாருங்க.

சுட்ட மண்ணுல பாம்பு பண்ண ஆசைப்படுதவங்களுக்கு ஒண்ணு. உள்ள கம்பி வச்சுச் சுடாதீங்க, மண்ணு காயும்போது சுருங்கும், கம்பி சுருங்காது, வெடிச்சுப்போகும். மண்ணுல பண்ணணும்னா கூட்டு மேட்டைப் பண்ணுங்க, அது அழகா வரும். அக்கா சொன்ன முட்டைக்குச் சின்ன ஜவ்வரிசி போதும். அந்த அளவுல முட்டை மூணு மில்லிமீட்டருக்கும் கம்மிதான், ஜவ்வரிசி கச்சிதமா உக்காரும். ஃபெவிகால் தொட்டு ஒட்டி, மேல டீத்தண்ணி அடிச்சா நிறமும் வந்துரும்.

---

செம்பூர்_பகடை

எல்லாருக்கும் நன்றி. முட்டைக் காட்சியை அடுத்த செஷன்லயே வைக்கிறேன், ஜவ்வரிசி சமையல்கட்டுலயே இருக்கு. கல்மரம் அக்காகிட்ட இன்னும் ஒண்ணு கேக்கணும். ட்ரூயிட் ஆடுற பொண்ணு நிச்சயமா "நான் அந்த மிருகமா மாறலாமா?"ன்னு கேப்பா. விட்டா ராஜாசாரஸாவே வந்து நிப்பா. என்ன சொல்றது?

---

கல்மரம்

அவ மூன் ட்ரூயிடா (உருமாறுறதுல கூடுதல் திறமை உள்ள வகை) இருந்தா அஞ்சாவது லெவல்ல சேலஞ்ச் 1 வரைக்கும், மத்த ட்ரூயிடா இருந்தா சேலஞ்ச் அரை வரைக்கும்தான். ராஜாசாரஸுக்கு இன்னும் நாள் இருக்கு, வாசுகிக்கும்தான். சனாஜேயைக் கொடுங்க. மூணரை மீட்டர்ப் பாம்புக்குச் சாதாரண மலைப்பாம்போட ஸ்டாட் பிளாக்கே போதும்: ஆர்மர் கிளாஸ் 12, ஹிட் பாயிண்ட் 13, சேலஞ்ச் கால். அஞ்சாவது லெவல்ல எந்த ட்ரூயிடுக்கும் அது எட்டும்.

விதிப்படி அவ அந்த மிருகத்தை முன்னாடி பார்த்திருக்கணும். இதைக் கண்டிப்பா வைங்க. தூரத்துல இருந்து பார்த்தா கணக்கு இல்லை. அது கூட்டுல காத்திருக்கிறதை ஒரு ராத்திரி முழுக்க அசையாம உக்காந்து பார்க்கணும், கட்சி அந்த ராத்திரி அவளைக் காவல் காக்கணும். பாம்பா மாறினதுக்கு அப்புறமும் அதே எலும்பு, அதே விதிதான். இறுக்கலாம், குறுகின பொந்துக்குள்ள நுழையலாம், மண்மேட்டுக்குள்ள முட்டை அசையுறதை உடம்பாலயே உணரலாம். வாய் மட்டும் விரியாது. பெருசா எதையாவது விழுங்கணும்னு அவ கேட்டா முடியாதுன்னு சொல்லிடுங்க. பதிலுக்கு, எந்த முட்டை இந்தச் சுற்றுல தட்டப்போகுதுன்னு பகடை உருட்டுறதுக்கு முன்னாடியே அவளுக்கு மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்துடுங்க. அதை மத்தவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவ யோசிக்கட்டும், பாம்புக்குப் பேச்சு வராது.